கார்லி லாயிட்: நாட்டு அணியே வேலையாக இருந்த காலம்

கார்லி லாயிட்டின் ஆட்டக் கணக்கைப் புரட்டிப் பார்க்கிற யாருக்கும் ஒரு விஷயம் உறுத்தும். அமெரிக்கப் பெண்கள் கால்பந்து தேசிய அணிக்காக 316 ஆட்டங்கள், 134 கோல்கள். இரண்டு உலகக் கோப்பைகள், இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெண்கலம். உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருது 2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு முறை. இதே லாயிட் சொந்த நாட்டில் ஐந்து கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார். அதில் ஒருமுறைகூட லீக் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்ததில்லை.

ஐரோப்பிய ஆண்கள் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே பெயரும் பணமும் பட்டமும் கிளப்பில்தான். நாட்டு அணி என்பது வருடத்தில் சில வாரங்கள் போய்வருகிற இடம். லாயிட்டுக்கோ நாட்டு அணிதான் வீடு, கிளப்தான் போய்வருகிற இடம். இது அவராகத் தேர்ந்தெடுத்ததல்ல. அவர் ஆட வந்த காலத்தில் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அப்படித்தான் இருந்தது. அவருடைய விடாப்பிடித்தனம், யாரோடும் ஒட்டாத குணம், முப்பத்தொன்பது வயதுவரை இடத்தை விட்டுக்கொடுக்காத வெறி எல்லாவற்றையும் ‘அவர் சுபாவம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் அதில் பாதியாவது அந்த அமைப்பு அவருக்குள் வளர்த்துவிட்டது.

லாயிட் பிறந்தது 1982-இல், நியூ ஜெர்சி மாநிலத்தின் டெல்ரன் என்ற சிற்றூரில். பள்ளி அணி, உள்ளூர் கிளப், பிறகு அதே மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் பெண்கள் கால்பந்து தழைத்ததே பல்கலைக்கழகங்களில்தான். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்களுக்கு விளையாட்டில் உதவித்தொகை தருகிற பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கும் தரவேண்டிய நிலைக்குத் தள்ளியது. ஆயிரக்கணக்கான பெண்கள் கால்பந்து ஆடிக்கொண்டே பட்டம் வாங்கினார்கள். பட்டம் வாங்கிய மறுநாள் எங்கே ஆடுவது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

1999 உலகக் கோப்பை வெற்றியின் உற்சாகத்தில் 2001-இல் ஒரு தொழில்முறை லீக் தொடங்கியது. மூன்றே சீசனில் சுமார் பத்துக் கோடி டாலரைக் கரைத்துவிட்டு, 2003 உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் இருக்கும்போது அது மூடப்பட்டது. லாயிட் அப்போது கல்லூரி மாணவி. தான் போய்ச் சேரவேண்டிய இடம் மூடப்படுவதைக் கல்லூரியிலிருந்தபடியே பார்த்தார். அடுத்த லீக் 2009-இல் வந்தது. அதில் சிகாகோ, நியூ ஜெர்சியின் ஸ்கை ப்ளூ, அட்லாண்டா என்று வருடத்துக்கு ஓர் அணியாக மூன்று அணிகளுக்கு ஆடினார். அந்த லீக்கும் மூன்று சீசன்தான் தாங்கியது. இப்போதிருக்கும் தேசிய பெண்கள் கால்பந்து லீக் 2013-இல்தான் தொடங்கியது. அதாவது லாயிட் தேசிய அணிக்கு முதலில் ஆடிய 2005 தொடங்கி அவருடைய முப்பதாவது வயது வரையிலான காலத்தில், பாதிக்கு மேல் அவர் நாட்டில் தொழில்முறை லீக் என்ற ஒன்றே இல்லை.

லீக் இல்லாவிட்டால் சம்பளம் யார் கொடுப்பது? அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் கொடுத்தது. தேசிய அணியில் இருபதுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளை ஒப்பந்தத்தில் வைத்து ஆண்டுச் சம்பளம் தந்தது. 2013-இல் புது லீக் வந்தபோதும், தேசிய அணி வீராங்கனைகளின் கிளப் சம்பளத்தையும் சம்மேளனமே ஏற்றுக்கொண்டது. இல்லையென்றால் இந்த லீக்கும் முந்தைய இரண்டின் வழியிலேயே போயிருக்கும். அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தவர்களின் நிலை என்ன? அந்த முதல் சீசனில் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர். மாதச் சம்பளம் அல்ல, முழு சீசனுக்கும் அவ்வளவுதான்.

இந்த இடத்தை நின்று கவனிக்கவேண்டும். இந்திய கிரிக்கெட் அணியிலிருந்து ஒருவரை நீக்கினால் அவருக்கு மாநில அணி இருக்கிறது, ஐபிஎல் இருக்கிறது. மானம் போகலாம், சோறு போகாது. அமெரிக்கப் பெண்கள் அணியிலிருந்து ஒருவரை நீக்கினால் ஏறக்குறைய வேலையிலிருந்தே நீக்கியதுபோல. பயிற்சியாளரின் ஒரு முடிவு, மருத்துவக் காப்பீடு முதல் வீட்டு வாடகை வரை எல்லாவற்றையும் தொட்டது. பக்கத்தில் நின்று பயிற்சி செய்கிற தோழிதான் அதே நாற்காலிக்குப் போட்டியாளரும். லாயிட்டைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருடைய கோல்களைப் பார்க்கவேண்டும்.

அவரை முதலில் நீக்கியது 2003-இல், 21 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து. பந்து காலில் இருக்கும்போது அற்புதம், பந்து இல்லாதபோது ஓட்டமும் இல்லை உழைப்பும் இல்லை என்பது அப்போது அவரைப் பற்றிய கணிப்பு. ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தவரை அவருடைய அப்பா, நியூ ஜெர்சியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கலானிஸ் என்ற ஆஸ்திரேலியரிடம் கொண்டுபோய் விட்டார். திறமை இருக்கிறது, ஆட்ட அறிவு இருக்கிறது. உடல் வலு, மன உறுதி, குணம் மூன்றும் இல்லை என்று கலானிஸ் முகத்துக்கு நேரே சொன்னார். கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார். பெரிய மைதானம் எதுவும் கிடையாது. தேசிய முகாம் முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாட்களில் லாயிட் ஊருக்குத் திரும்பித் தனியாக ஓடுவார், சுவரில் பந்தடிப்பார், மேட்டில் ஏறி இறங்குவார். கிளப்புகள் முளைத்து மறைந்துகொண்டிருந்த அத்தனை வருடங்களிலும் அவருக்கு நிலையாக இருந்த பயிற்சிக்கூடம் இதுதான். ஒரு கிளப் செய்யவேண்டிய வேலையை ஒரு தனி மனிதர் செய்தார். இருவரும் 2020-இல் பிரியும்வரை இது நீடித்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதன் பலன் தெரிந்தது. அணியின் முதன்மை ஃபார்வர்டு அப்பி வாம்பாக் போட்டிக்கு முன்பே காலை உடைத்துக்கொண்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே நட்சத்திர வீராங்கனை மார்த்தாவின் பிரேசில். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96-ஆவது நிமிடத்தில், பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து லாயிட் இடது காலால் அடித்த பந்து தங்கத்தைக் கொண்டுவந்தது.

மூன்று வருடம் கழித்து பிராங்க்ஃபர்ட். ஜப்பானோடு உலகக் கோப்பை இறுதி, 2-2, பெனால்டி ஷூட்அவுட். அமெரிக்காவின் ஷானன் பாக்ஸ் அடித்ததை கோல்கீப்பர் தடுத்தார். அடுத்து வந்த லாயிட் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தார். மூன்றாவது டோபின் ஹீத்தும் தவறவிட, கோப்பை ஜப்பானுக்குப் போயிற்று. நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய நான்கே மாதத்தில் ஜப்பான் வென்ற அந்தக் கோப்பையை உலகமே வாழ்த்தியது. லாயிட் தன் உதையை மனதில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்.

2012 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் பயிற்சியாளர் பியா சுந்தஹாகே அவரை முதல் பதினொருவரிலிருந்து எடுத்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்துதான் தொடங்கினார். கிளாஸ்கோவில் பிரான்சுடன் முதல் ஆட்டம். 17-ஆவது நிமிடத்தில் பாக்ஸின் தொடைத் தசை பிடித்துக்கொள்ள, லாயிட் உள்ளே வந்தார். 0-2 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை அமெரிக்கா 4-2 என்று வென்றது. அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்த மூன்றாவது கோல் லாயிட்டுடையது. அதற்கப்புறம் அவரை வெளியே வைக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 80,203 பேர் முன்னால் நடந்த இறுதியில் மறுபடியும் ஜப்பான். அமெரிக்கா 2-1. இரண்டு கோலும் லாயிட். இரண்டு வாரத்துக்கு முன் ‘உனக்கு இடமில்லை’ என்று சொல்லப்பட்டவர்.

2015 உலகக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இறுதி ஆட்டத்திலிருந்து தொடங்குவார்கள். உண்மையான திருப்பம் காலிறுதியில் நடந்தது. அந்தத் தொடரின் தொடக்கத்தில் அமெரிக்க அணி வென்றுகொண்டிருந்தாலும் ஆட்டம் கட்டுப்பெட்டியாக இருந்தது. நடுக்களத்தில் லாரன் ஹாலிடேயும் லாயிட்டும் இருவராக நின்று, ஒருவர் முன்னேறினால் மற்றவர் காவல் காக்கவேண்டிய ஏற்பாடு. முன்னே பாய்வதற்கென்றே பிறந்த ஆளைப் பின்னால் கட்டிப்போட்டிருந்தார்கள். காலிறுதியில் மஞ்சள் அட்டைகளால் ஹாலிடேவுக்கும் மேகன் ரபினோவுக்கும் தடை. பயிற்சியாளர் ஜில் எல்லிஸ் வேறு வழியில்லாமல் இளம் வீராங்கனை மார்கன் பிரையனைக் கொண்டுவர, லாயிட்டுக்கு முன்னே போகும் சுதந்திரம் கிடைத்தது. சீனாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் ஒரே கோலை லாயிட் தலையால் அடித்தார். ஹாலிடே திரும்பிய பிறகும் எல்லிஸ் பிரையனை எடுக்கவில்லை, லாயிட்டைப் பின்னால் இழுக்கவில்லை. தடையால் நேர்ந்த மாற்றம் கோப்பையை வெல்லும் வியூகமாகிவிட்டது.

அரையிறுதியில் ஜெர்மனி. செலியா சாசிச் பெனால்டியை வெளியே அடித்துவிட்ட சற்று நேரத்தில் அமெரிக்காவுக்கு ஒரு பெனால்டி. பந்தை எடுத்துக்கொண்டு போனவர், பிராங்க்ஃபர்ட்டில் வானத்துக்கு அடித்த அதே லாயிட். இம்முறை பந்து வலைக்குள்.

வான்கூவரில் இறுதி ஆட்டம், மூன்றாவது முறையாக ஜப்பான். மூன்றாவது நிமிடத்தில் ரபினோவின் கார்னர். ஜப்பானியத் தடுப்பாட்டக்காரர்கள் உயரப் பந்துக்குத் தயாராக நிற்க, ரபினோ தரையோடு அனுப்பினார். வெகுதூரத்திலிருந்து ஓடிவந்த லாயிட், நிற்பவர்களுக்கு நடுவே புகுந்து தட்டிவிட்டார். ஐந்தாவது நிமிடத்தில் ஃப்ரீ கிக், மறுபடியும் லாயிட். 14-இல் ஹாலிடே ஒன்று அடித்தார். 16-ஆவது நிமிடத்தில் வந்ததை இன்னும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. தன் பாதியில் பந்தைப் பெற்ற லாயிட், நடுக்கோட்டருகே ஒரு ஜப்பானிய வீராங்கனையைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிட்டுத் தலையை நிமிர்த்துகிறார். கோல்கீப்பர் அயூமி கைஹோரி வெகுதூரம் முன்னே வந்து நிற்பது தெரிகிறது. யோசிக்க நேரமே எடுக்காமல் அங்கிருந்தே அடித்துவிடுகிறார். கைஹோரி பின்னோக்கி ஓடுகிறார், தடுமாறுகிறார், விழுந்தபடி கையை நீட்டுகிறார். விரலில் பட்ட பந்து கம்பத்தில் மோதி உள்ளே போகிறது. நடுக்கோட்டிலிருந்து அடிப்பது அவருக்குப் புதிதல்ல. நியூ ஜெர்சியில் தனியாகப் பயிற்சி செய்த நாட்களில் அடித்துப் பழகியதுதான். பதின்மூன்று நிமிட இடைவெளியில் ஹாட்ரிக். பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் அதற்குமுன் யாரும் செய்யாதது. ஆட்டம் 5-2 என்று முடிந்தது. அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பேர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

அந்த வெற்றிக்கு ஃபிஃபா கொடுத்த பரிசு 20 லட்சம் டாலர். ஓராண்டுக்கு முன் ஆண்கள் கோப்பையை வென்ற ஜெர்மனிக்குக் கொடுத்தது 3.5 கோடி. பதினாறு அணிகள் சுற்றோடு வெளியேறிய அமெரிக்க ஆண்கள் அணிக்கே 90 லட்சம் கிடைத்திருந்தது.

பரிசுத்தொகையை வைப்பது ஃபிஃபா. வீராங்கனைகளுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி சம்மேளனம். அதனால் 2016 மார்ச்சில் லாயிட், ரபினோ, அலெக்ஸ் மார்கன், பெக்கி சாவர்ப்ரன், ஹோப் சோலோ ஐவரும் சம்மேளனத்தின் மீதுதான், அமெரிக்க அரசின் சமவாய்ப்பு வேலை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். புகாரிலிருந்த ஒரு கணக்கு நெஞ்சில் நின்றுவிடும். பெண்கள் அணி ஆண்டில் இருபது நட்பு ஆட்டங்களில் இருபதையும் வென்றால் ஒருவருக்கு 99,000 டாலர். ஆண்கள் அணி இருபதிலும் தோற்றாலும் ஒருவருக்கு ஒரு லட்சம்.

2019 மார்ச் 8 அன்று, பெண்கள் தினத்தில், 28 வீராங்கனைகள் வழக்கே போட்டார்கள். 2020 மே மாதம் நீதிபதி கேரி க்ளாஸ்னர் சம்பளம் பற்றிய கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணத்தில்தான் மொத்தக் கதையும் அடங்கியிருக்கிறது. ஆண்களைப்போல ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையைப் பெண்கள் ஏற்கவில்லை, நிரந்தரச் சம்பளமும் சலுகைகளும் வேண்டும் என்றுதான் பேரம் பேசினார்கள். பிறகு அந்த முறையோடு ஒப்பிட்டுக் குறைபடமுடியாது என்பது அவருடைய வாதம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அவர்கள் நிரந்தரச் சம்பளம் கேட்டது எதனால்? ஆண்களுக்கு ஆட்டப்பணம் என்பது கிளப் சம்பளத்துக்கு மேல் வருகிற உபரி. பெண்களுக்குக் கீழே நிற்கத் தரையே கிடையாது. இரண்டு லீக்குகள் அவர்கள் கண்ணெதிரே மூழ்கியிருந்தன. பிழைப்புக்காகக் கேட்டு வாங்கிய பாதுகாப்பே நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக நின்றது. எனக்கு இன்னும் இது ஆறவில்லை.

2017-இல் சில மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்கு ஆடப்போனார். அங்கே எஃப்ஏ கோப்பை இறுதியில், அதே வெம்ப்ளியில், ஒரு கோல் அடித்துக் கோப்பையும் வாங்கினார். 2018-இல் ஊர்ப்பக்கமே திரும்பி ஸ்கை ப்ளூ அணியில் சேர்ந்தார். இரண்டு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர் வந்து சேர்ந்த இடத்தில், பயிற்சி மைதானத்தில் குளிக்க வசதியில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த சீசனில் 24 ஆட்டங்களில் அணி வென்றது ஒன்றே ஒன்று. அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் இரண்டு முகங்களையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கவேண்டுமானால் வான்கூவரையும் இந்த சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

2019 உலகக் கோப்பையில் லாயிட்டுக்கு வயது 36. எல்லிஸ் அவரை மாற்று ஆட்டக்காரராக ஆக்கினார். தாய்லாந்துக்கு எதிராகக் கடைசியில் ஒன்று, தொடக்கத்திலிருந்தே ஆடிய சிலி ஆட்டத்தில் இரண்டு. 2015-இன் தொடர்ச்சியாக ஆறு உலகக் கோப்பை ஆட்டங்களில் வரிசையாக கோல் அடித்த முதல் வீராங்கனை ஆனார். அப்புறமும் பெஞ்ச்தான். அணி கோப்பையை வென்றது. லாயிட்டோ அந்த நாட்களைத் தன் ஆட்டவாழ்வின் அடிமட்டம் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். சுயநலம் என்று பலர் திட்டினார்கள். எல்லிஸின் முடிவு தவறென்று சொல்லமாட்டேன். அந்த அணிக்கு முன்வரிசையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பதினாறு வருடமாக, இடம் போனால் எல்லாம் போயிற்று என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒருவர், கடைசிக் காலத்தில் மட்டும் சிரித்தமுகமாக இடத்தை விட்டுத்தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 4-3. அதில் லாயிட்டுக்கு இரண்டு கோல், வயது 39. நான்கு ஒலிம்பிக்குகளில் கோல் அடித்த முதல் அமெரிக்கர். அக்டோபரில் மினசோட்டாவில் தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார்.

நான்கே மாதத்தில், 2022 பிப்ரவரியில், சம்மேளனம் 2.4 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. அந்த மே மாதத்தில் ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் ஒரே ஊதியம் என்ற ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. உலகக் கோப்பைப் பரிசுத்தொகையையும் ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடுவதென முடிவானது. முதல் புகாரில் கையெழுத்திட்ட லாயிட், சம ஊதியத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. பெண்களுக்குச் சம்மேளனம் கொடுத்துவந்த நிரந்தரச் சம்பளம் அதோடு நின்றது. இனி ஆண்களைப்போலவே ஆட்டத்துக்கு இவ்வளவு. அவர்களால் இதை ஏற்கமுடிந்ததற்குக் காரணம் கிளப் தரையாகிவிட்டதுதான். பத்தாவது சீசனை எட்டிய லீக்கில் 2022-இல் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர், 2025-இல் 48,500. 2025 ஜனவரியில் தடுப்பாட்டக்காரர் நவோமி கிர்மாவை இங்கிலாந்தின் செல்சி கிளப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இன்று ஒரு வீராங்கனையைத் தேசிய அணியிலிருந்து எடுத்தால் அவருக்கு வலிக்கும், ஆனால் அடுத்த வாரம் கிளப்பில் ஆட்டம் இருக்கிறது, சம்பளம் வருகிறது. லாயிட் அவமானத்தோடு ஆடிய ஸ்கை ப்ளூவே பெயரையும் மைதானத்தையும் மாற்றிக்கொண்டு, காத்தம் எஃப்சி ஆகி, அவர் போன பிறகு 2023-இல் லீக் சாம்பியன் ஆனது.

அதே 2023-இல் உலகக் கோப்பையில் போர்ச்சுகலுடன் கோலின்றி டிரா செய்து தப்பிப் பிழைத்த அமெரிக்க வீராங்கனைகள் ரசிகர்கள் முன் சிரித்து ஆடியபோது, தொலைக்காட்சி விமர்சகராக உட்கார்ந்திருந்த லாயிட் கொதித்துப்போனார். கடைசி நேரத்தில் போர்ச்சுகலின் பந்து மோதிய கம்பம்தான் இன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்றார். பயிற்சியாளரும் வீராங்கனைகளும் வருத்தப்பட்டார்கள். பழம்பெருமை பேசுகிறார் என்று அவரைச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் தாங்கள் வளர்ந்த களத்திலிருந்துதான் பேசின என்று எனக்குத் தோன்றியது. ஒரு தரப்புக்குத் தோல்வி ஒரு மோசமான நாள். இன்னொரு தரப்புக்கு அது வேலைக்கு வந்த ஆபத்து.

2025 மே மாதம் டெக்சஸில் அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் லாயிட்டைச் சேர்த்தார்கள். அந்த மேடையில் அவர் கோல்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. முந்தைய ஆண்டுதான் தாயாகியிருந்தவர், குரல் உடைந்து, தன் அணித்தோழிகளை நோக்கிப் பேசினார். ஓர் இயந்திரம்போல இயங்கினேன், உங்களில் இன்னும் பலரை என்னிடம் நெருங்கவிட்டிருக்கலாம், தாக்குப்பிடிக்கவும் மேலே வரவும் அப்படி இருந்தாகவேண்டும் என்று நினைத்தேன் என்ற பொருளில் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியிருக்கலாம், அது பெரிதல்ல. 316 ஆட்டங்களில் கூட ஆடிய பெண்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்த ஏற்பாட்டில், அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு.